ஆயில் மூடிக்குள் வெளிர்பழுப்புக் குழம்பு: எஞ்சினைப் பிரிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருக்கிறது. பார்க்கிறவர்கள் உடனே "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்பார்கள். எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே, ஆயிலும் கூலண்டும் கலக்காமல் தடுக்கும் அடைப்புத் தகடுதான் அது. எங்கள் வீட்டுச் சின்னக் காருக்கும் இதே தீர்ப்புதான் வந்தது. கடைக்கும் பள்ளிக்கும் போய்வர மட்டுமே எடுக்கும் வண்டி அது; எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடுவோம். பிரிக்கச் சம்மதிக்காமல் ஒவ்வொன்றாகச் சோதித்ததில் கேஸ்கெட் நன்றாகவே இருந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். டிப்ஸ்டிக் எது, கூலண்ட் டப்பா எது என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி, குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகி, ஆயிலோடு கலந்து குழம்பாகிறது. ஆயில் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும் அளவுக்குச் சூடானால் இந்த நீர் மறுபடி ஆவியாகி, பிசிவி வால்வு (எஞ்சினின் கீழ்ப்பகுதியில் சேரும் வாயுவை மறுபடி எரிய அனுப்பும் வால்வு) வழியாக எஞ்சினுக்குள்ளேயே போய் எரிந்து வெளியேறிவிடும். மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டி அணைத்தால் அந்தச் சூடு வராது.

டேஷ்போர்டு முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று கேட்கலாம். அது காட்டுவது கூலண்டின் சூட்டை. ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும். முள் நடுவில் நின்ற பிறகும் வெகுநேரம் பின்தங்கியே இருக்கும்.

மற்ற நிறங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு என்றால் பயமில்லை. கரியை ஆயில் தன்னுள் பிடித்து வைத்திருக்கிறது, அது அதன் வேலை. டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். சாம்பல் நிறத்தில் மினுமினுப்புத் தெரிந்தால் அது உலோகத் துகள். அதற்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும், இந்தப் பதிவு உதவாது.

படி 1: மூடி

குழம்பை வழித்துத் துடைத்துவிடுங்கள், ஒரு படமும் எடுத்து வையுங்கள். எஞ்சினின் மேல்பகுதியில் சீக்கிரம் குளிர்ந்துபோகும் இடம் மூடி என்பதால் ஈரம் முதலில் அங்கேதான் சேரும். மூடியில் மட்டும் குழம்பு இருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

படி 2: டிப்ஸ்டிக்

பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். டிப்ஸ்டிக் இறங்கும் குழாய் பல வண்டிகளில் எஞ்சினுக்கு வெளியே ஒட்டி நிற்கும் ஒல்லிக் குழாய். அதன் உட்சுவரிலும் ஈரம் படியும். குச்சியை வெளியே இழுக்கும்போது அந்தக் குழம்பு குச்சி முழுக்கப் பூசிக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு "ஆயில் முழுக்கத் தண்ணீர்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

காலையில், வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள். குச்சியை எடுத்து நன்றாகத் துடைத்து, மறுபடி இறக்கி எடுங்கள். குழாய்ச் சுவர் சுத்தமாகும் வரை இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்யலாம். அதன் பிறகு கீழ்க்கோட்டுக்கும் கீழே உள்ள நுனியை மட்டும் வெள்ளைக் காகிதத்தில் ஒற்றி எடுங்கள். கறை தெளிவான பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்து, குச்சியின் மேல்பாகத்தில் மட்டும் வெளிர்க்குழம்பு இருந்தால் அது குழாயில் படிந்த ஈரம். நுனியும் கலங்கலாக இருந்தால்தான் கீழே தேங்கியிருக்கும் ஆயிலிலேயே நீர் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு சிக்கல் இதிலும் உண்டு. ஆயிலோடு கலக்காத நீர் இரவில் அடியில் தங்கிவிடும். டிப்ஸ்டிக் நுனி அந்த ஆழத்துக்கு எட்டாது. எனவே டிப்ஸ்டிக் குழாய் வழியே மெல்லிய பிளாஸ்டிக் டியூபை அடிவரை இறக்கி, பெரிய சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது நல்லது. அடிநட்டைத் தளர்த்தியும் பார்க்கலாம்தான், ஆனால் வண்டிக்கு அடியில் படுக்கும் வேலை எனக்குப் பிடிக்காது. விளக்கைப் பொறுத்தவரை வெள்ளை ஒளி தரும் டார்ச்சே வேண்டும். மஞ்சள் ஒளியில் எல்லா ஆயிலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

படி 3: சூடான தட்டில் ஒரு சொட்டு

உறிஞ்சிய ஆயிலைக் கண்ணாடிக் குப்பியில் வைத்து நீர் பிரிகிறதா என்று காத்திருக்கச் சொல்வார்கள். பிரிந்தால் சரி. பிரியாவிட்டால் நீர் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் ஆயிலில் சேர்க்கும் வேதிப்பொருள்களே நீரைப் பிரியவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எனக்குப் பிடித்தது தட்டுச் சோதனை. மின்சார அடுப்பில் ஒரு பழைய உலோகத் தட்டை 150 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, இரண்டு சொட்டு விடுங்கள். நீர் இருந்தால் குமிழ் வந்து படபடவென்று வெடிக்கும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் பரவி லேசாகப் புகையும். முதலில் புது ஆயிலில் செய்து பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். திறந்த வெளியில், கண்ணாடி அணிந்துகொண்டு செய்யுங்கள். நெருப்பு எரியும் அடுப்பு வேண்டவே வேண்டாம். ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும்.

படி 4: கூலண்ட் குறைகிறதா?

நீர் இருப்பது தெரிந்தாலும் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் தெரியாது. அதைச் சொல்வது கூலண்ட் டப்பா. எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது டப்பாவின் மேல் மார்க்கரால் கோடு போட்டுவிட்டு இரண்டு வாரம் கவனியுங்கள். காற்றிலிருந்தும் புகையிலிருந்தும் படியும் ஈரம் டப்பாவிலிருந்து ஒரு சொட்டைக்கூட எடுக்காது. அளவு கோட்டிலேயே நின்றால் பாதிக் கவலை தீர்ந்தது. குறைந்துகொண்டே போனாலோ, சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வந்தாலோ, வண்டியை நிறுத்திவிடுங்கள்.

நீல நிறத் திரவம் ஊற்றிச் சோதிக்கும் கருவி ஒன்று கிடைக்கிறது. சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் கசிந்திருந்தால் பெட்ரோல் வண்டிக்கு மஞ்சளாகவும் டீசலுக்குப் பச்சையாகவும் மாறும். நல்ல கருவிதான், ஆனால் ஆயில் கூலரில் ஓட்டை விழுந்து கூலண்ட் ஆயிலுக்குள் வந்தால் அதை இது கண்டுபிடிக்காது. சந்தேகம் தீரவில்லை என்றால் ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் என் யோசனை. சோடியம், பொட்டாசியம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் கூலண்ட் கலந்திருக்கிறது என்ற சந்தேகம் பலமாகும்.

படி 5: அளவு ஏறுகிறதா?

குழம்பைவிட எனக்குப் பயம் இதில்தான். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும். எரியாத பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் சேரும். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின்களில் இது அதிகம். ஆயில் குறைவதற்குப் பதில் மேல்கோட்டை நோக்கி ஏறினாலோ, குச்சியில் பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் நீர்த்துவிட்டது. நீண்ட பயணம் போய் இதைச் சரிசெய்துவிடலாம் என்று காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

படி 6: ஓட்டிப் பார்ப்பது

கூலண்ட் குறையவில்லை, அளவும் ஏறவில்லை என்றால் முள் நடுவுக்கு வந்த பிறகு இன்னும் 30, 40 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு உறுமவைப்பதில் பயனில்லை. ஆயில் தேவையான அளவுக்குச் சூடாகாது, பெட்ரோல்தான் வீண். திரும்பி வந்து ஆறிய பிறகு மூடியையும் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். சுத்தமாக இருந்தால் குறும்பயணங்கள்தான் காரணம்.

அப்படியும் உடனே குழம்பு வந்தால் இரண்டு பாகங்களைச் சந்தேகிக்கலாம். ஒன்று தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்கும் வால்வு. திறந்தபடி மாட்டிக்கொண்டால் எஞ்சின் சூடேறாது, வேகமாகப் போகும்போது முள் கீழே இறங்கும். ஸ்கேனரில் பி0128 என்ற குறியீடு வரலாம். இன்னொன்று பிசிவி. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, அந்தத் துளையின் மேல் ஒரு தாளை வையுங்கள். மெல்ல உள்ளே இழுத்தால் சரி. மேலே தள்ளினால் வால்வு அடைத்திருக்கலாம், அல்லது ரிங்குகள் தேய்ந்திருக்கலாம்.

எஞ்சினின் உள்பக்கத்தைக் கழுவ ஆயிலில் ஊற்றும் எஞ்சின் ஃபிளஷ் டப்பாக்களை நான் வாங்குவதில்லை. கையேட்டில் 'கடினமான பயன்பாடு' என்று தனியாக ஒரு சர்வீஸ் அட்டவணை இருக்கும். குறும்பயண வண்டிக்கு அதுதான் பொருந்தும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் மாதக் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை: பைக் வைத்திருக்கும் சிலர், ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடி வெண்மையாக இருக்கிறதே என்று கேட்டிருந்தார்கள். கதை அதேதான். கண்ணாடியின் உள்பக்கத்தில் படிந்திருக்கிறதா, ஆயிலே அப்படியா என்று வண்டியை நேராக நிமிர்த்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஹைபிரிட் கார்களில் எஞ்சின் அடிக்கடி தானே அணைந்துகொள்வதால் நீண்ட பயணத்திலும் ஆயில் முழுச் சூட்டை எட்டாமல் போகலாம். நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று: துகள் வடிகட்டி (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் பாகம்) உள்ள டீசல் வண்டிக்குப் படி 5 இன்னும் முக்கியம். வடிகட்டியைச் சுத்தம் செய்ய வண்டி கூடுதல் டீசலைப் பீய்ச்சும். பாதியில் அணைத்துவிட்டால் அதில் கொஞ்சம் ஆயிலில் சேரும். டீசல் பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாகாது. அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் ஸ்டார்ட் செய்யாமலே ஆயிலை மாற்றுங்கள். அளவு மிகவும் ஏறிவிட்டால் எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாலும் அணையாமல் ஓடக்கூடும்.