கணக்குப் போடும் முன்: இங்கே ‘ஒன்று’ எது?

நான் சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் எச்2 என்ற மேல்நிலைக் கணிதம் படிக்கிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் கல்மேசையில் என் தம்பிக்கும் அவன் நண்பர்கள் சிலருக்கும் கணக்குச் சொல்லித் தருகிறேன். எல்லாரும் தொடக்கநிலை ஆறு. இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறவர்கள். அவர்களிடம் நான் ஓயாமல் கேட்பது ஒரே கேள்வி: “இதில் ஒன்று எது?” அதாவது, எதை முழு அளவாக வைத்துக்கொண்டு மற்றதை அளக்கிறோம்? பின்னம், விழுக்காடு, வேகம், இயற்கணிதம் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கேள்விதான் இருக்கிறது என்று நம்புகிறேன். இதை எப்படிப் பழகலாம் என்று சொல்கிறேன்.

பின்னத்தில் தொடங்குங்கள். ஒரே நீளத்தில் இரண்டு தாள் பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். அந்த நீளம்தான் ஒன்று. ஒரு பட்டையை இரண்டாகவும் இன்னொன்றை மூன்றாகவும் மடியுங்கள். இதில் ஒரு துண்டும் அதில் ஒரு துண்டும் சேர்ந்தால் எவ்வளவு? துண்டுகளின் அளவு வேறுவேறு என்பதால் எண்ணிச் சொல்ல வழியில்லை. இரண்டையும் ஆறாக மடித்துவிட்டால் 3 துண்டும் 2 துண்டும் சேர்ந்து 5/6 என்று கண்ணுக்கே தெரியும். பகுதியை (கீழ் எண்ணை) சமமாக்கு என்ற விதி இங்கிருந்துதான் பிறக்கிறது. 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளையிடம் விதியைத் திரும்பச் சொல்லாதீர்கள். 2/5 பாதியைவிடக் குறைவு என்று பட்டையில் காட்டுங்கள். பாதியோடு இன்னொரு துண்டைக் கூட்டியபின் பாதியைவிடக் குறையுமா என்று பிள்ளையே கேட்கும்.

வகுத்தலில் ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்பதை உடனே சொல்லாமல், “முக்காலுக்குள் எத்தனை அரைக்கால்?” என்று கேளுங்கள். தம்பி இதைப் பாட்டியிடம் கேட்டான். கீரை ஆய்ந்துகொண்டே “ஆறு” என்றார். 3/4 ÷ 1/8 என்பது அதேதான். ஒன்றுக்குள் 8 அரைக்கால். முக்காலுக்குள் அந்த எட்டில் முக்கால் பங்கு, அதாவது 6. எட்டால் பெருக்குவது ஏன் என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது.

அடுத்தது மாடல், அதாவது அளவுகளைக் கட்டங்களாக வரைந்து பார்க்கும் முறை. நம் தொடக்கப்பள்ளிகளில் எல்லாரும் வரையும் இந்தக் கட்டப்படத்தை 1980களில் கோ டெக் ஹோங் தலைமையிலான பாடத்திட்டக் குழு உருவாக்கியது. முதலில் பொருளைக் கையில் எடு, பிறகு படமாக வரை, கடைசியில் எண்ணுக்கும் குறிக்கும் போ என்ற வரிசை ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளரின் சிந்தனையைத் தழுவியது. தாளை மடிக்காமல் நேரே கட்டம் வரையப் போகும் பிள்ளைகளை நான் நிறுத்துவதற்கு இதுவே காரணம்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். கவிதா தன் பணத்தில் 2/5 பங்குக்குப் புத்தகம் வாங்கினாள். மீதியில் 1/3 பங்குக்குச் சாப்பிட்டாள். கையில் 24 வெள்ளி (டாலர்) இருக்கிறது. முதலில் எவ்வளவு வைத்திருந்தாள்?

பார்த்ததும் இரண்டு பின்னங்களையும் கூட்டத்தான் கை போகும். கொஞ்சம் நில்லுங்கள். முதல் வாக்கியத்தில் ‘ஒன்று’ முழுப் பணம். அடுத்த வாக்கியத்தில் ‘ஒன்று’ மீதிப் பணம். ஒன்று மாறிவிட்டதால் இரண்டையும் அப்படியே கூட்ட முடியாது. ஐந்து கட்டம் வரைந்து இரண்டை அடித்துவிடுங்கள். மிச்சம் மூன்று. அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரு கட்டம், அதையும் அடியுங்கள். இரண்டு கட்டம் 24 வெள்ளி, ஒரு கட்டம் 12, ஐந்து கட்டம் 60. என் தம்பி இப்போதெல்லாம் ஒவ்வொரு பின்னத்துக்கு மேலும் அது எதன் பங்கு என்று பென்சிலால் பொடி எழுத்தில் எழுதிவிட்டுத்தான் மாடல் வரைகிறான். நான் சொல்லிக்கொடுத்ததிலேயே மிகப் பயன்பட்ட பழக்கம் இது. நீங்களும் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

விழுக்காட்டுக்கு உணவக ரசீதே போதும். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் 10 விழுக்காடு சேவைக் கட்டணத்தோடு 110. பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. அது அந்த 110 வெள்ளிக்குப் போடப்படுகிறது. 9.90 சேர்ந்து 119.90 வெள்ளி. பத்தையும் ஒன்பதையும் கூட்டி 119 என்று சொன்னால் 90 காசு உதைக்கும். திருப்பியும் போட்டுப் பாருங்கள்: வரியோடு 109 வெள்ளி என்றால், வரிக்கு முன் என்ன விலை? 109இல் 9 விழுக்காட்டைக் கழித்தால் 99.19 வரும். உண்மையான விலை 100. வரி எதன்மேல் போட்டார்களோ அதுதான் இங்கே ஒன்று.

வேகம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தூரம் என்று பொருள். பூங்கா இணைப்புப் பாதையில் 12 கிலோமீட்டரை மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளில் போய், களைத்துப்போய் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் சராசரி 9 ஆகாது. 24 கிலோமீட்டருக்கு 3 மணி நேரம் ஆகியிருக்கிறது. ஒரு மணிக்கு 8.

உயர்நிலை ஒன்றுக்குப் போனதும் எக்ஸைக் கண்டு மிரள்கிறவர்களுக்கு ஒரு சொல்: நீங்கள் இதுவரை வரைந்த கட்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 3எக்ஸ் + 8 = 5எக்ஸ் − 4 என்றால், மூன்று கட்டத்தோடு எட்டும், ஐந்து கட்டத்தில் நான்கு குறைந்ததும் ஒரே நீளம். படத்தில் பார்த்தால் கூடுதலாக இருக்கும் இரண்டு கட்டம் 8 + 4, அதாவது 12. ஒரு கட்டம் 6. ‘அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும்’ என்பதை இதன் பிறகு படியுங்கள். இப்போது நான் படிக்கும் வகைநுண்கணிதத்திலும், சாய்வு என்றால் குறுக்கே ஒன்று நகர்ந்தால் மேலே எவ்வளவு ஏறுகிறது என்றுதான் மனத்தில் வைத்துக்கொள்கிறேன்.

பயிற்சி நூல்களை நிறையப் போட்டால் போதும் என்பார்கள். என் கருத்து வேறு. பிராஸ் பசா புத்தகக் கடைகளிலிருந்து கட்டுக்கட்டாக வாங்கி வந்து நாளுக்கு ஒரு தாள் முடிப்பதைவிட, ஒரே கணக்கை எடுத்து எண்களை நீங்களே மாற்றிப் புதிய கணக்கு எழுதுவது அதிகம் கற்றுத்தரும். மேலே உள்ள கணக்கில் 24க்குப் பதில் 25 போட்டால் விடை முழு வெள்ளியாக வருமா? 1/3க்குப் பதில் 1/4 போட்டால் எத்தனை கட்டம் வரைய வேண்டும்? கணக்கு எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அதன் எலும்புக்கூடு தெரிந்துவிடும்.

இறுதித் தேர்வின் இரண்டாம் தாளில் கால்குலேட்டர் உண்டு, முதல் தாளில் கிடையாது. வீட்டில் அதைத் தொடும் முன், விடை எதைவிடப் பெரிதாக, எதைவிடச் சிறிதாக இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

பள்ளியில் சந்தேகம் கேட்கும்போது “புரியவில்லை, டீச்சர்” என்று நிறுத்திக்கொண்டால் அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல நேரிடும், மணி அடித்துவிடும். போட்ட வரை தாளைக் காட்டி, “இந்த வரி வரைக்கும் முழுப் பணத்தை ஒன்றாக எடுத்தேன், அடுத்த வரியில் எதை ஒன்றாக எடுக்கணும்?” என்று கேளுங்கள். ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்கும்.