கீழாநெல்லிக்கு ஆய்வுக் கட்டுரை தேடுவது எப்படி? தாவரவியல் மாணவர்களுக்கான செய்முறை

வரப்போரம் முளைக்கும் கீழாநெல்லியை புராஜெக்ட்டுக்கு எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூகுளைத் திறக்குமுன் பெயரைச் சரிபாருங்கள்.

1. செடியின் பெயர்

பழைய இந்தியக் கட்டுரைகள் பலவற்றில் கீழாநெல்லி 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்றிருக்கும். நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம்முடையது 'ஃபில்லாந்தஸ் அமாரஸ்'. ஹெபடைடிஸ் பி வைரஸ் பற்றி 1987இல் வந்த புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பில் நிரூரி. மறு ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்ததில் அமாரஸ். ஒரு பெயரை மட்டும் தட்டினால் இன்னொன்று கண்ணில் படாது. கியூ தாவரப் பூங்காவின் 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' தளத்தில் அமாரஸைத் தேடி, இணைப்பெயர்கள் (அதே செடிக்கு வைத்த மற்ற அறிவியல் பெயர்கள்) அத்தனையையும் நோட்டில் எழுதுங்கள். நிரூரிக்கு அங்கே தனிப் பக்கம் உண்டு. அதில் பரவலிடத்தைப் பாருங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்தால், வேறொரு செடியின் வேதியியலை உங்கள் செடிமேல் ஏற்றிவிடுவீர்கள்.

2. ஊரின் பெயர்

செடி கிடைத்த ஊரை வைத்தும் தேடலாம், ஆனால் மாவட்டப் பெயர்கள் மாறியிருக்கும். வேலூரை எடுத்துக்கொள்ளுங்கள்: 1989 வரை அதுவும் திருவண்ணாமலையும் சேர்ந்ததுதான் வட ஆர்க்காடு மாவட்டம். வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தது 2019இல். ஆகவே பழைய பதிவுகளுக்கு 'நார்த் ஆர்க்காட்' என்றும் தேட வேண்டும். ஜவ்வாது மலையையும் ஆங்கிலத்தில் ஜவாதி, ஜவாது, ஜவ்வாது என்று பலவிதமாக எழுதுவார்கள். ஒன்றையும் விடாதீர்கள்.

3. தேடல்

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் செடியின் இரு பெயர்களையும் தனித்தனியே இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, நடுவில் 'ஆர்' (OR) என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் கொடுங்கள். பணம் கேட்கும் கட்டுரைக்குக் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' அழுத்தினால் இலவசப் பிரதி சிலசமயம் கிடைக்கும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இணையதளம். கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் (1915–1936) 'பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி' என்ற இணைய நூலகத்தில் இலவசம். கே. எம். மேத்யூவின் 'ஃப்ளோரா ஆஃப் தி தமிழ்நாடு கர்நாட்டிக்' என்ற தாவர நூலைக் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள்.

4. மேற்கோள்

கட்டுரையைத் திறந்த கையோடு ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம், டிஓஐ எண் (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளம்) ஆகியவற்றைக் குறித்துவிடுங்கள். ஸ்காலரின் 'சைட்' பொத்தான் தருவதை அப்படியே ஒட்டாதீர்கள்: அதில் டிஓஐ இருக்காது, செடிப் பெயரின் சாய்வெழுத்தும் போய்விடும். பேரினத்தின் முதலெழுத்து மட்டும் பெரியது, சிற்றினம் முழுக்கச் சிறியது, இரண்டும் சாய்வு. செடிக்கு அந்தப் பெயரை இட்டவரின் பெயர்ச் சுருக்கம் நேரெழுத்தில், முதல் தடவை மட்டும். தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 'முருகன் எஸ்' என்றிருந்தால் மேற்கோள் மென்பொருள் 'எஸ்' என்பதைக் குடும்பப் பெயராக்கிவிடும், கையால் திருத்துங்கள்.

மூலத்தைப் படிக்காமல் இன்னொருவர் வழியாக அறிந்த செய்தி என்றால், இருவர் பெயரையும் போட்டு, யார் வழியாக என்பதைச் சொல்லுங்கள். மேற்கோள் பட்டியலில் நீங்கள் படித்தது மட்டுமே வர வேண்டும்.