எண்ணெய் தடவாத கல்லில் இன்ஜெரா

தோசை வார்த்துப் பழகிய கைக்கு எத்தியோப்பியாவின் புளித்த மாவு அப்பமான இன்ஜெரா லேசில் வராது. முதல் தடவை கல்லில் எண்ணெய் தடவி, மாவை நடுவில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்துவிட்டேன். "கேழ்வரகு தோசைக்கா ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தாய்?" என்றார் மாமியார்.

எத்தியோப்பியாவில் இதை டெஃப் என்னும் தானியத்தில் செய்கிறார்கள். கசகசா மாதிரி பொடியாக இருக்கும். பெரம்பூரில் எங்கள் மளிகைக் கடையில் அதற்கு எங்கே போவது? கேழ்வரகைப் பிடித்துக்கொண்டேன். அதுவும் ஆதியில் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்துப் பயிர்தான்.

கேழ்வரகு மாவு ஒரு கப், மைதா ஒரு கப், தண்ணீர் இரண்டரை கப், புளித்த இட்லி மாவு இரண்டு கரண்டி. கரைத்து மூடிப் புளிக்க வையுங்கள். எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் குளிர்ந்த ஊர். அங்கே இரண்டு மூன்று நாளாகும். சென்னை வெயிலுக்கு ஒரு நாள் போதும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை இறுத்துவிட்டு, அரை கப் மாவை எடுத்து ஒரு கப் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி, ஆறியதும் திரும்ப மாவிலேயே கலக்குங்கள். இந்தக் கூழுக்கு அப்சித் என்று பெயர். சோம்பல்பட்டு இதை விட்டுவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் மாவு நுரைத்து வரும்.

அதற்குள் இன்ஜெராவோடு சாப்பிடும் காரப் பருப்புக் குழம்பு, மிசிர் வொத். நம் மைசூர் பருப்புதான். மூன்று பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, எண்ணெயே விடாமல் வெறும் வாணலியில் சிறு தீயில் இருபது நிமிடம் வதக்குங்கள். அடிப்பிடித்தால் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். கை எண்ணெய்க் கிண்ணத்துக்குத்தான் போகும், அடக்குங்கள். வெங்காயம் குழைந்த பிறகு நான்கு கரண்டி எண்ணெய், இஞ்சி பூண்டு விழுது, இரண்டு மேசைக்கரண்டி பெர்பெரே பொடி. காய்ந்த மிளகாய், மல்லி, வெந்தயம், ஓமம், மிளகு, கிராம்பு, பெரிய ஏலக்காய் ஆகியவற்றை வறுத்து, சுக்கோடு அரைத்தால் நம் வீட்டுக்குப் போதுமான பெர்பெரே. ஐந்து நிமிடம் கழித்து ஒரு கப் பருப்பு, மூன்று கப் தண்ணீர், உப்பு. கெட்டியாகும்வரை வேகட்டும். புளியும் தாளிப்பும் வேண்டாம்.

இனி இன்ஜெரா. எண்ணெய் தடவாத நான்ஸ்டிக் கல் நன்றாகக் காயட்டும். மாவை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு ஊற்றுங்கள். கரண்டியால் தொடக்கூடாது, தேய்த்தால் குமிழி செத்துப்போகும். அரை நிமிடத்தில் மேலெல்லாம் பொத்துப் பொத்தாகக் கண் திறக்கும். அப்போது மூடுங்கள். ஓரம் தானாகக் கிளம்பினால் வெந்துவிட்டது, திருப்ப வேண்டாம். முறத்தில் துணி விரித்து ஆறவிடுங்கள்; சூட்டோடு அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு தட்டு முழுக்க இன்ஜெராவை விரித்து, நடுவில் வொத்தைக் கொட்டி, எல்லோரும் அதிலேயே பிய்த்துத் தின்பதுதான் வழக்கம். அங்கே காரம் தணிக்க அயிப் என்ற பாலாடைக்கட்டி வைப்பார்கள். மாமியாருக்கு நான் ஒரு கிண்ணம் தயிர் வைத்துவிடுகிறேன்.