ஆய்வுப் பயிலரங்கு நடத்துவது எப்படி?

முடிந்த கட்டுரையை வாசித்துவிட்டுப் போகக் கருத்தரங்குகள் இருக்கின்றன. பயிலரங்குக்கு முடியாத கட்டுரைதான் வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டு வந்திருக்கவும் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் ஆளுக்கு இருபது நிமிடம் பவர்பாயின்ட் ஓடும், "நல்ல கட்டுரை, ஒரே ஒரு சின்னக் கேள்வி" என்று யாராவது கை தூக்குவார்கள், இரண்டு நாள் கழிந்துவிடும். அரங்கும் சாப்பாடும் குறையில்லாமல் அமைந்தும் பயிலரங்கு தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முழு வரைவு மூன்று வாரம் முன்பே எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். கீழே வரும் ஏற்பாடுகளில் பாதி அதற்காகவே செய்யப்படுபவை.

நோக்கம்: ஒரே வாக்கியத்தில்

பயிலரங்கு முடியும்போது கையில் என்ன மிஞ்சும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஆய்விதழின் சிறப்பிதழா, தொகுப்பு நூலா, கூட்டாக நிதி கேட்கும் விண்ணப்பமா, ஆய்வு மாணவர்களின் ஓர் இயல் வரைவைச் செப்பனிடுவதா? "இத்துறையில் உரையாடலைத் தொடங்குவது" என்பதை நோக்கமாகக் கொள்ள முடியாது. எழுதிய வாக்கியம் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு: அதைப் படிக்கும் ஒருவர் "என் கட்டுரை இதற்குப் பொருந்தாது" என்று தாமே முடிவுசெய்ய முடிய வேண்டும். யாரையும் விலக்காத தலைப்பு யாரையும் ஒன்றுசேர்க்காது.

எத்தனை பேர், எத்தனை கட்டுரை

இரண்டு நாளுக்கு ஒன்பது கட்டுரைகள், 16 முதல் 18 பேர். இதில் கட்டுரையாளர்கள் ஒன்பது பேர், கட்டுரைகளைப் படித்து மதிப்பிட்டுப் பேசும் அனுபவமுள்ள கருத்துரையாளர்கள் நான்கைந்து பேர், மீதி ஒருங்கிணைப்பாளர்களும் ஆய்வு மாணவர்களும். இருபதைத் தாண்டினால் பேச்சு வரிசையில் நிற்கும்; ஒருவர் கேட்டதற்கு அடுத்தவர் தொடர முடியாது.

எல்லோரும் எல்லா அமர்விலும் இருக்க வேண்டும் என்பதை அழைப்பிலேயே சொல்லுங்கள். ஐரோப்பிய அரசியல் ஆய்வுக் கூட்டமைப்பு 1973 முதல் நடத்திவரும் கூட்டு அமர்வுகளில் பல பயிலரங்குகள் ஒரே நேரத்தில் நடக்கும். ஆனாலும் ஒருவர் தம்முடைய பயிலரங்கிலேயே கடைசி வரை இருப்பார். அறை மாறி அறை போவது கிடையாது. தன் கட்டுரை முடிந்ததும் கிளம்பிவிடுகிறவர், மற்ற எட்டுப் பேரின் உழைப்பை வாங்கிக்கொண்டு தன் பங்கைத் தராமல் போகிறார்.

காலக்கணக்கு

வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தாலும் ஒன்பது மாதம் முன்பே தொடங்குங்கள். அழைப்பு வெளியிட ஒன்பது மாதம் முன்பு. ஆய்வுச் சுருக்கம் வந்துசேர ஏழரை மாதம் முன்பு. முடிவு தெரிவிக்க ஆறரை மாதம் முன்பு. இந்தக் கடைசிக் கெடுவைத் தள்ளிப்போட முடியாது, காரணம் விசா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 15 நாளில் முடிவு தெரியும், சிக்கலானால் 45 நாள்வரை இழுக்கும். விண்ணப்பம் கொடுப்பதற்கான நேரம் கிடைக்கவே பல ஊர்களில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே தேர்வுக் கடிதத்தோடு விசாவுக்கான அழைப்புக் கடிதத்தையும் அனுப்பிவிடுங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், பயிலரங்கு நாட்கள், தங்கும் இடம், எந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். செலவைப் பற்றித் தெளிவில்லாத கடிதம் தூதரகத்தில் கேள்வியைக் கிளப்பும்.

அழைப்பும் தேர்வும்

அழைப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். தலைப்பை விளக்க இரண்டு பத்தி போதும். மீதி இடத்தை நடைமுறைக்கு விடுங்கள்: நாள், இடம், சுருக்கத்தின் அளவு (300 முதல் 500 சொற்கள்), முழு வரைவின் கெடு, மொழி, பயணச் செலவு யாருடையது, கட்டுரைகள் பிறகு எங்கே வெளிவரும்.

சுருக்கத்தோடு மூன்று வரியில் இன்னொன்றும் கேளுங்கள்: ஆய்வு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, தரவு கையில் இருக்கிறதா? தேர்வில் சுருக்கத்தைவிட இது அதிகம் உதவும். தரவே இன்னும் சேராதவரின் அழகான சுருக்கம், ஆறு மாதம் கழித்து வராத கட்டுரையாக மாறும். இதற்கு நேரெதிர் இனமும் உண்டு. ஆய்விதழ் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட கட்டுரையைக் கொண்டுவருபவர் என்ன சொன்னாலும் ஒரு வரியும் மாற்றப்போவதில்லை. பெயர் எவ்வளவு பெரியதானாலும் மறுத்துவிடுங்கள்.

இரண்டு பேர் தனித்தனியே மதிப்பெண் போட்ட பிறகு உட்கார்ந்து பேசுங்கள். பேசிவிட்டு மதிப்பெண் போட்டால் முதலில் வாய் திறந்தவரின் கருத்துதான் நிற்கும். ஒன்பது இடத்துக்கு மூன்று பேரைக் காத்திருப்போர் பட்டியலில் வையுங்கள். ஓரிருவர் விலகுவது வழக்கம்.

வரைவு வாங்குவது

கெடுவை நான்கு வாரம் முன்னால் வையுங்கள். மூன்று வாரம் இருக்கும்போது எல்லாம் கையில் சேரும். அளவு அதிகபட்சம் 7000 சொற்கள். கணக்குப் பாருங்கள்: ஒன்பது கட்டுரை என்றால் 63,000 சொற்கள், ஒரு நூலின் அளவு. குறிப்பெடுத்துப் படித்தால் கட்டுரைக்கு ஒரு மணி நேரமாவது பிடிக்கும். மூன்று வாரத்தில் ஒன்பது மணி நேரம் ஒதுக்குவார்கள். மூன்று நாளில் ஒதுக்க மாட்டார்கள். 12,000 சொல்லில் ஒருவர் அனுப்பினால் அவருடையதை மட்டுமல்ல, அதற்கு அடுத்து இருப்பதையும் படிக்காமல் விடுவார்கள். அளவு மீறிய வரைவைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

பக்க எண்ணும் வரி எண்ணும் கட்டாயம். "பக்கம் 12, வரி 8" என்று சொன்னால் அறையே அந்த இடத்துக்குப் போகும். "நடுவில் எங்கேயோ சொல்லியிருக்கிறீர்களே" என்றால் இரண்டு நிமிடம் வீண். எல்லாவற்றையும் அமர்வு வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். ஒன்பது கோப்புகளாக அனுப்பினால் இரண்டைத் திறக்கவே மாட்டார்கள்.

வரைவு வராவிட்டால்? பயிலரங்குக்குப் பத்து நாள் முன்பு வரை வராத கட்டுரைக்கு அமர்வு இல்லை. தேர்வுக் கடிதத்திலேயே இதை எழுதிவிட்டால் பிறகு மனத்தாங்கல் வராது. விலக்கு அளிக்கத் தொடங்கினால், கெடுவுக்குள் அனுப்பியவர்கள் அடுத்தமுறை அனுப்ப மாட்டார்கள்.

கருத்துரையாளர்

பயிலரங்கின் தரத்தை இவர்தான் தீர்மானிக்கிறார். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒருவரை வரைவு வரும் முன்பே குறித்துவிடுங்கள். ஆய்வு நெறியாளரையும் அவருடைய மாணவரையும் எதிரெதிரே உட்காரவைக்காதீர்கள்; அதே தரவில் போட்டியாக வேலை செய்பவரும் வேண்டாம். அதே பொருளை வேறு முறையில் ஆராய்பவரோ அதே முறையை வேறு பொருளில் கையாள்பவரோ நல்ல கருத்துரையாளர்.

வெறுமனே "கருத்துச் சொல்லுங்கள்" என்றால் அச்சுப்பிழைப் பட்டியல் வரும். நான்கு கேள்விகளை அனுப்புங்கள்: கட்டுரையின் வாதம் ஒரே வாக்கியத்தில் என்ன? அதைத் தாங்கும் சான்று எது? எங்கே தளர்கிறது? ஆசிரியர் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்ய வேண்டும்? பதிலை ஒரு பக்கத்தில் எழுதி, அமர்வு முடிந்ததும் ஆசிரியரிடம் தரட்டும்.

ஓர் அமர்வு: 50 நிமிடம்

1. கருத்துரையாளர் கட்டுரையைத் தம் சொற்களில் எடுத்துச் சொல்லி, கருத்தும் கூறுவார்: 10 நிமிடம்.
2. ஆசிரியர் மறுமொழி: 5 நிமிடம்.
3. பொது விவாதம்: 30 நிமிடம்.
4. எதை மாற்றப்போகிறேன் என்று ஆசிரியர் சொல்வது: 5 நிமிடம்.

ஆசிரியர் தம் கட்டுரையைத் தாமே வாசிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். இதற்கு எதிர்ப்பு வரும். ஆனால் தான் எழுதியது பிறர் காதில் எப்படி விழுந்திருக்கிறது என்பதை ஆசிரியர் கேட்க இதைவிட நல்ல வழி கிடையாது. "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று அவர் பதறும் இடம்தான் திருத்தி எழுத வேண்டிய இடம். பேசியே ஆக வேண்டும் என்று மன்றாடினால் ஐந்து நிமிடம் கொடுங்கள், ஸ்லைடு இல்லாமல்.

அமர்வுத் தலைவருக்கு ஒரு காகிதமும் கடிகாரமும் போதும். புதுக் கேள்விக்குக் கையைத் தூக்கவும், நடந்துகொண்டிருக்கும் பேச்சைத் தொடர இரண்டு விரலைக் காட்டவும் முதலிலேயே சொல்லிவிடட்டும். இரண்டு விரலுக்கு முன்னுரிமை, ஆனால் அரை நிமிடம்தான். இதுவரை பேசாதவரை வரிசையில் மேலே ஏற்ற வேண்டும். முதல் கேள்வியை ஆய்வு மாணவர் ஒருவருக்குக் கொடுப்பது நல்லது. மூத்தவர்கள் இருவர் தொடங்கிவிட்டால் இளையவர்கள் அந்த அமர்வு முழுக்க வாய் திறப்பதில்லை. "இது கேள்வி அல்ல, ஒரு கருத்து" என்று நீட்டுபவரிடம், "ஆசிரியர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும், ஒரே வாக்கியத்தில்?" என்று கேட்டால் போதும்.

குறிப்பெடுக்க ஒருவரை நியமியுங்கள். ஆசிரியர் பதில் சொல்வாரா, எழுதுவாரா?

நாள் நிரல்

காலை 9.30க்குத் தொடக்கம், 15 நிமிடம் மட்டும். வாழ்த்துரைகளுக்கு இடம் கொடுத்தால் முதல் கட்டுரை பலியாகும்; கௌரவிக்க வேண்டியவர் இருந்தால் மாலையில் பேசச் சொல்லுங்கள். 9.45, 11.00, 12.00, 2.10, 3.30 என ஐந்து அமர்வுகள், கடைசியில் 40 நிமிடம் அன்று பேசியவற்றுக்கு இடையிலான இழைகளைப் பேச. இரண்டாம் நாள் நான்கு கட்டுரைகளோடு நிறுத்தி, மீதி நேரத்தை வெளியீட்டுத் திட்டத்துக்கு வையுங்கள். மதிய இடைவேளையை ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கீழே குறைக்காதீர்கள், பாதிப் பயன் அங்கேதான் நடக்கிறது. ஜெர்மனியின் ஓபர்வோல்ஃபாக் கணித ஆய்வு நிறுவனத்தில் சாப்பாட்டு மேசையில் பெயர்களைக் குலுக்கிப்போட்டு இடம் மாற்றுவார்கள். வேறு செலவில்லாமல் எவரும் பின்பற்றலாம்.

அறை, ஒலி, இணையம்

மேடை வேண்டாம். மேசைகளைச் சதுரமாகப் போட்டு நடுவைக் காலியாக விடுங்கள். பெயர்ப் பலகையில் இருபுறமும் பெயர் இருக்கட்டும், பக்கத்தில் இருப்பவருக்கும் அவர் யார் என்று தெரிய வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு மின்செருகி கணக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வையுங்கள். ப்ரொஜெக்டர் அட்டவணையையும் வரைபடத்தையும் காட்ட மட்டும்.

ஸூமில் ஓரிருவர் சேர்வதானால் கேமராவை விட மைக் முக்கியம். மடிக்கணினியின் மைக் மூன்றாவது நாற்காலியைத் தாண்டிக் கேட்காது. மூன்று பேருக்கு ஒரு மேசை மைக் வேண்டும். திரையை மட்டும் கவனிக்க ஒருவரை உட்காரவையுங்கள். நேரத்தை உள்ளூர் நேரத்திலும் உலகப் பொது நேரமான யுடிசியிலும் எழுதுங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும், ஐரோப்பிய ஒன்றியம் மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகின்றன. இடைப்பட்ட வாரங்களில் பயிலரங்கு வைத்தால் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் தவறி வருவார்.

பணம்

பயணமும் தங்கலும்தான் பெரிய செலவு. பத்து சதவீதத்தை எதிர்பாராததற்கு ஒதுக்குங்கள். ஆய்வு மாணவர்களுக்கு டிக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள். சொந்தப் பணத்தில் எடுத்து மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பெறு என்றால் வர முடியாதவர் வரவே மாட்டார், காரணத்தையும் சொல்ல மாட்டார். எந்த ரசீது வேண்டும், போர்டிங் பாஸ் வேண்டுமா என்பதைப் பயணத்துக்கு முன்பே தெரிவித்துவிடுங்கள்.

இரகசியம்

வெளியாகாத முடிவுகள் பேசப்படும் அறை இது. "சாத்தம் ஹவுஸ் விதி" என்று சொல்லிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். லண்டனின் சாத்தம் ஹவுஸ் ஆய்வு நிறுவனத்தில் 1927இல் உருவான அந்த விதி, கேட்டதைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. சொன்னவர் யார் என்பதைத்தான் மறைக்கச் சொல்கிறது. ஆய்வாளருக்கு வேண்டியது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு: தன் பெயர் இல்லாமல் தன் கருத்து வெளியே போகக் கூடாது. ஆகவே "ஆசிரியரின் அனுமதியின்றி மேற்கோள் காட்டவோ பகிரவோ கூடாது" என்று ஒவ்வொரு வரைவின் முதல் பக்கத்திலும் அச்சிடுங்கள்.

பயிற்சிப் பயிலரங்கானால்

மென்பொருளோ புள்ளியியலோ கற்றுத்தருவதானால் கதை வேறு. முதல் ஒன்றரை மணி நேரத்தை நிறுவும் வேலை விழுங்கும். ஒரு வாரம் முன்பே நிறுவச் சொல்லி, சரியாக ஓடுவதன் ஸ்கிரீன்ஷாட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். தரவுக் கோப்பை பென்டிரைவிலும் வைத்திருங்கள். முப்பது பேர் ஒரே நேரத்தில் பதிவிறக்கினால் வைஃபை படுத்துவிடும். எட்டுப் பேருக்கு ஓர் உதவியாளர். ஆய்வாளர்களுக்கு நிரலாக்கம் கற்றுத்தரும் சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி வகுப்புகளில் ஆளுக்கு இரண்டு நிற ஒட்டுத்தாள் கொடுப்பார்கள்: ஒன்று "முடித்துவிட்டேன்", மற்றது "உதவி வேண்டும்". கை தூக்கக் கூச்சப்படுபவரும் மடிக்கணினி மூடியில் தாளை ஒட்டிவிடுவார்.

முடிந்த பிறகு

கடைசி அமர்வை விட்டு யாரும் எழுந்துபோகும் முன், திருத்திய வரைவின் நாள், தொகுப்பாசிரியர்கள் யார், எந்த இதழுக்கு முதலில் அனுப்புவது என்ற மூன்றையும் முடிவுசெய்துவிடுங்கள். மின்னஞ்சலில் பேசிக்கொள்வோம் என்று கலைந்தால் ஆளுக்கொரு திசை. திருத்தத்துக்கு எட்டு முதல் பத்து வாரம் கொடுக்கலாம்.

48 மணி நேரத்துக்குள் ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனித்தனியே அஞ்சல் போக வேண்டும்: அமர்வுக் குறிப்பு, கருத்துரையாளரின் ஒரு பக்கம், கடைசி ஐந்து நிமிடத்தில் அவரே ஒப்புக்கொண்ட மாற்றங்கள், அடுத்த கெடு. நான்காவது வாரம் நினைவூட்டல் ஒன்று. அதில் "எப்படிப் போகிறது?" என்று கேட்காதீர்கள், அவர் ஒப்புக்கொண்ட மாற்றங்களின் பட்டியலை மறுபடியும் ஒட்டி, எது முடிந்தது என்று கேளுங்கள்.