மார்பகப் புற்றுநோய்: வீட்டார் கையில் இருக்கும் வேலைகள்

பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனை) முடிவு வந்த முதல் வாரத்தில் வீட்டில் எல்லோருக்கும் பதற்றம். இன்றைக்கே அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்று தோன்றும். பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்களில் எல்லா அறிக்கைகளையும் சேர்க்கவும் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கவும் ஓரிரு வாரம் எடுத்துக்கொள்வதால் கெடுதல் வருவதில்லை. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. கிடைக்கிற அந்த நாட்களை நோயைத் தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

நோயின் பெயரை நோயாளியிடமிருந்து மறைக்காதீர்கள். வார்டின் பெயர்ப் பலகையிலோ, செவிலியர் பேச்சிலோ, மாத்திரை அட்டையிலோ அவருக்கு எப்படியும் தெரிந்துவிடும். அப்போது நோயோடு சேர்த்து, வீட்டில் யாரையும் நம்ப முடியவில்லை என்ற வேதனையும் அவர் தலையில் ஏறும். கையெழுத்துப் போடப் போவதும் மாதக்கணக்கில் சிகிச்சையைத் தாங்கப் போவதும் அவர்தான்.

அறிக்கையில் என்ன பார்க்க வேண்டும்

ஒரு கோப்பு வாங்கி, எல்லா அறிக்கைகளையும் தேதி வரிசையில் வையுங்கள். பயாப்ஸி அறிக்கையில் ஈஆர், பிஆர், ஹெர்2 என்று மூன்று வரிகள் இருக்கும். ஈஆர், பிஆர் என்பவை புற்றுச் செல்லில் ஹார்மோன் ஒட்டும் இடங்கள்; ஹெர்2 ஒரு புரதம். சிகிச்சையின் திசையை இவைதான் முடிவு செய்கின்றன. ஈஆர் அல்லது பிஆர் பாசிட்டிவ் என்றால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை பலன் தரும். ஹெர்2 பாசிட்டிவ் என்றால் அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் மருந்து உண்டு. பெரும்பாலும் ஏறக்குறைய ஒரு வருடம் தருவார்கள். மூன்றும் நெகட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரையால் பயனில்லை, கீமோதான் (புற்றுச் செல்களை அழிக்கும் மருந்துச் சிகிச்சை) முதன்மை. இதனால்தான் தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுத்த மருந்தை இவருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பதில் பொருளில்லை. நோயின் பெயர் ஒன்றாக இருந்தாலும் வகை வேறாக இருக்கலாம்.

கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதைச் சொல்வது கிரேடு. நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது ஸ்டேஜ். கிரேடு 3 என்று படித்துவிட்டு மூன்றாம் ஸ்டேஜ் என்று நினைத்து இரவெல்லாம் அழுத குடும்பங்கள் நிறைய.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இரண்டு பேர் கூடப் போனால் போதும். ஒருவர் நோயாளியின் அருகில் உட்கார்ந்து கேட்க, இன்னொருவர் எழுதட்டும். அனுமதி கேட்டு ஃபோனில் பதிவு செய்யலாம். கேள்விகளை முன்பே எழுதி, முக்கியமான மூன்றை மேலே வையுங்கள். முதல் கேள்வியை நோயாளியே கேட்கட்டும். வீட்டார் முந்திக்கொண்டு பேசினால் மருத்துவரும் வீட்டாரைப் பார்த்தே பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்.

பிற்காலத்தில் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தால் முதல் கீமோவுக்கு முன்பே சொல்லியாக வேண்டும். கருமுட்டையைச் சேமிக்கும் ஏற்பாடெல்லாம் கீமோ தொடங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை.

ட்ரெயின் குழாய்: வீட்டார் கற்க வேண்டிய முதல் கைவேலை

அறுவைக்குப் பிறகு, முக்கியமாக மார்பகத்தை முழுதாக எடுத்தாலோ அக்குள் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்தாலோ, காயத்தின் அடியில் சேரும் நீரை இழுக்க ஒரு குழாயும் அதன் நுனியில் ஒரு ரப்பர் குடுவையும் வைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பு செவிலியரை ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் பார்க்க நீங்கள் செய்யுங்கள்.

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழாய் தோலுக்குள் நுழையும் இடத்தை ஒரு கையால் அசையாமல் பிடியுங்கள். மற்றக் கையின் இரு விரல்களால் குழாயை நசுக்கியபடி தோல் பக்கத்திலிருந்து குடுவை வரை மெல்ல வழித்துவிடுங்கள். உள்ளே உறைந்த இரத்தக் கட்டி அடைக்காமல் இருக்கத்தான் இது. மேலே பிடிக்காமல் இழுத்தால் தையல் அறுந்து குழாய் வெளியே வந்துவிடும்.

2. குடுவையின் மூடியைத் திறந்து, நீரை அளவுக் கோப்பையில் ஊற்றுங்கள். எத்தனை மில்லி, என்ன நிறம், எத்தனை மணி என்று எழுதுங்கள். இரண்டு குழாய் இருந்தால் இரண்டு கணக்கு. சேர்த்து எழுதினால் எந்தக் குழாயை எடுக்கலாம் என்று மருத்துவருக்குத் தெரியாது.

3. குடுவையை நன்றாக அமுக்கி, அமுக்கியபடியே மூடுங்கள். எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். குடுவை உப்பிய நிலையில் மூடினால் இழுவிசை இருக்காது. நீர் தோலுக்கடியில் தேங்கி வீங்கும்.

4. குடுவையைக் காயத்தைவிடத் தாழ்வாக, உடையின் உட்புறம் பின் குத்தி வையுங்கள். தொங்கவிட்டால் கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுபடும்.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இதைச் செய்ய வேண்டியிருக்கும். முதலில் சிவப்பாக வரும் நீர் நாளாக ஆக இளஞ்சிவப்பாகி, பிறகு வெளிர் மஞ்சளாகும். 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்து அப்படியே நின்றால் பெரும்பாலும் குழாயை எடுப்பார்கள். இந்த அளவு மருத்துவருக்கு மருத்துவர் சற்று மாறும். நிறம் திடீரென மீண்டும் பளீர்ச் சிவப்பாக மாறி அளவு கூடினாலோ, நீர் வருவது சட்டென நின்று மார்பு வீங்கினாலோ, சீழோ நாற்றமோ வந்தாலோ, சுற்றியுள்ள தோல் சிவந்து சூடானாலோ அன்றைக்கே மருத்துவமனையை அழையுங்கள்.

முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான சட்டை நான்கைந்து தேவைப்படும். தலைவழியாகப் போடும் உடை எதுவும் கொஞ்ச நாளைக்கு உதவாது. கையை அசைக்கவே விடாமல் பொத்திப் பொத்தி வைப்பது அன்பால் செய்யும் தவறு. தோள் இறுகிவிட்டால் கதிர்வீச்சின்போது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க முடியாமல் சிரமப்படுவார். சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் சொன்ன நாளிலிருந்து செய்ய வேண்டும். குழாய் இருக்கும்வரை பொதுவாகத் தோள் உயரத்துக்கு மேல் தூக்கச் சொல்வதில்லை.

அக்குள் நெறிகளை எடுத்திருந்தால் அந்தக் கையில் நிணநீர் தேங்கி வீக்கம் வரலாம், வருடங்கள் கழித்தும். மோதிரம் இறுகுவது, சட்டைக் கை பிடிப்பது, கை கனப்பது ஆகியவை முதல் அடையாளங்கள். ஆரம்பத்திலேயே பிசியோதெரபி தொடங்கினால் நன்றாகக் கட்டுப்படும். அந்தக் கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது தொற்று; அன்றே பார்க்க வேண்டும்.

கீமோ நாட்கள்

இங்கே குடும்பம் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய எண் ஒன்றுதான்: 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட். இதைத் தொட்டாலோ தாண்டினாலோ இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனையை அழைத்துக் கிளம்புங்கள். பல கீமோ மருந்துகளில், மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். அப்போது வரும் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாக மாறலாம். கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள்: காய்ச்சல் இறங்கிவிடும், தொற்று உள்ளேயே இருக்கும், எல்லோரும் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும் அழைக்க வேண்டும். அவசரப் பிரிவில் நுழைந்ததும் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "இவர் கீமோவில் இருக்கிறார், கடைசி மருந்து இந்தத் தேதியில் ஏறியது."

தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் பேட்டரி போகும் நாள் கட்டாயம் ராத்திரியாகத்தான் இருக்கும். சூடாகவோ குளிராகவோ எதையாவது குடித்த உடனே வாயில் வைத்துப் பார்த்தால் அளவு தவறும். கால் மணி நேரமாவது பொறுங்கள்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு கொடுத்தால் பாதிப் பலன்தான். எழுதிய நேரத்தில், குமட்டல் இல்லாவிட்டாலும் கொடுங்கள். கூடத் தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும். காலையிலேயே கொடுத்துவிடலாமா என்று கேளுங்கள். ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மலச்சிக்கல் உண்டாக்கும். அதற்கான மருந்தை முதல் நாளே கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கூட உள்ளே தங்கவில்லை என்றாலோ, வழக்கத்தைவிட நான்கு தடவைக்கு மேல் வயிற்றுப்போக்கு ஆனாலோ அழையுங்கள்.

குமட்டல் இருக்கும் நாட்களில் அவருக்கு மிகப் பிடித்த உணவைச் செய்து தராதீர்கள். குமட்டலோடு சேர்ந்து வந்த சுவையை உடம்பு நினைவில் வைத்துக்கொண்டு பிறகும் வெறுக்கும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, சிறிய தட்டில், மணம் அதிகம் வராத உணவு போதும். வாயில் உலோகச் சுவை தெரிகிறது என்றால் பிளாஸ்டிக் ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள். வாய்ப்புண்ணுக்கு ஒரு லிட்டர் வெந்நீர் ஆற வைத்து, அதில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து, நாளைக்கு நான்கைந்து தடவை கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும்.

டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து ஏறிய ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். அது மருந்தின் நிறம், இரத்தம் இல்லை. முன்பே தெரிந்திருந்தால் பயம் வராது. கீமோ மருந்து பெரும்பாலும் 48 மணி நேரம் வரை சிறுநீர், மலம், வாந்தியில் வெளியேறும். அவற்றைச் சுத்தம் செய்யக் கையுறை போடுங்கள், டாய்லெட் மூடியைப் போட்டு இரண்டு தடவை ஃப்ளஷ் செய்யுங்கள், அழுக்கான துணியைத் தனியே துவையுங்கள். கர்ப்பமாக இருப்பவர் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். இதற்கு மேல் ஒதுக்கி வைக்க எந்தக் காரணமும் இல்லை. கட்டிப்பிடிக்கலாம், பக்கத்தில் படுத்துத் தூங்கலாம், பேரப்பிள்ளை மடியில் ஏறலாம். புற்றுநோய் ஒட்டாது.

முடி கொட்டும் மருந்து என்றால் முதல் கீமோவிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். முன்கூட்டியே குட்டையாக வெட்டிக்கொள்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. புருவமும் இமையும் போகலாம். மூக்கு முடியும் போவதால் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும்; கைக்குட்டை அதிகம் வையுங்கள். பேக்லிடாக்ஸல் போன்ற மருந்துகளில் விரல் நுனி மரத்துப்போகும். பட்டன் போட முடியவில்லை, சாமான் கை நழுவுகிறது என்றால் அடுத்த டோஸுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து நோயாளிகள் இதை மறைப்பதுண்டு. கவனித்துச் சொல்வது உங்கள் வேலை.

வீட்டுக்குள் பேசுவது

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்பது உதவியாகத் தெரியும். ஆனால் யோசித்துக் கேட்கும் பாரம் அவர் தலையில் விழுகிறது. "செவ்வாயும் வெள்ளியும் பிள்ளைகளை நான் கூட்டி வருகிறேன்" என்பது உதவி. யார் மருந்து, யார் சமையல், யார் இரவுத் துணை என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உறவினருக்குச் செய்தி சொல்ல ஒரே ஒருவர் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே கதையை நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்லியே அவர் களைத்துவிடுவார். எல்லாவற்றையும் ஒருவரே இழுத்துப் போட்டுக்கொண்டால் மூன்றாவது மாதத்தில் அவரும் படுத்துவிடுவார்.

"தைரியமா இரு" என்று நாம் சொல்லும்போது, பயத்தைச் சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொள்கிறார். அழுதால் கூட இருங்கள். அடிபட்டதால் வந்தது, உள்ளாடை இறுக்கத்தால் வந்தது, கவலைப்பட்டதால் வந்தது என்று காரணம் தேடாதீர்கள். இவை மார்பகப் புற்றுநோயை உண்டாக்குவதாக நிரூபிக்கப்படவில்லை. அவர் மனதில் குற்ற உணர்வுதான் மிஞ்சும்.

குழந்தைகளிடம் நோயின் பெயரைச் சொல்லுங்கள். நீ செய்ததால் வரவில்லை, உனக்கு ஒட்டாது, உன்னை இன்னார் பார்த்துக்கொள்வார் என்ற மூன்றும் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

தழும்பை முதன்முதலாகப் பார்க்கும் நேரத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். கணவர் பார்ப்பதும் அவர் சம்மதித்த பிறகுதான். பார்க்கும்போது கண்ணைத் திருப்பிக்கொண்டால் அது ஆயுளுக்கும் மறக்காது. எப்படி இருக்கும் என்று செவிலியரிடம் முன்பே கேட்டுத் தயாராகிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கும்போது

கதிர்வீச்சு பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து அல்லது ஆறு வாரம், வாரத்தில் ஐந்து நாள். வெளியிலிருந்து இயந்திரத்தால் தரும் கதிர்வீச்சு உடம்பில் தங்காது. குழந்தைகள் அருகில் வரலாம். களைப்பும் தோல் சிவப்பும் கடைசி வாரத்திலும் முடிந்த ஓரிரு வாரத்திலும்தான் உச்சத்தில் இருக்கும். "முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் படுத்திருக்கிறாய்" என்று கேட்கும் நேரமும் சரியாக அதுதான்.

ஹார்மோன் மாத்திரை 5 வருடம், சிலருக்கு 10 வருடம். பக்கவிளைவு தாங்காமல் பலர் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். திட்டாமல் கேளுங்கள், வேறு மாத்திரைக்கு மாற்ற வழி உண்டு. டமோக்ஸிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை எடுப்பவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீர் மூச்சுத்திணறல் வந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்கு. மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம். பேராக்ஸெட்டின், ஃபுளூஆக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் டமோக்ஸிஃபென் உடலில் வேலை செய்வதைக் குறைக்கக்கூடும். அதனால் எந்த மருத்துவர் புதிதாக எதை எழுதினாலும் இந்த மாத்திரையைக் காட்டிக் கேளுங்கள். ஹார்மோன் மாத்திரையில் இன்னொரு வகையான அரோமடேஸ் தடுப்பு மாத்திரைகளில் மூட்டு வலியும் எலும்புத் தேய்மானமும் வரலாம். எலும்பு அடர்த்திப் பரிசோதனை எப்போது என்று கேட்டு வையுங்கள்.

மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருவது. இளம் வயதில் வந்தாலோ, குடும்பத்தில் பலருக்கு மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தாலோ மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பிஆர்சிஏ என்ற, இந்தப் புற்றுநோய்களின் வாய்ப்பைக் கூட்டும் மரபணு மாற்றம் இருந்தால் மகனுக்கும் மகளுக்கும் அது போகும் வாய்ப்பு சரிபாதி. அப்பா வழிக் குடும்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பரிசோதனைத் தேதி நெருங்கும்போதும் அவர் எரிச்சலாகவோ மௌனமாகவோ இருப்பார். நாட்காட்டியில் அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே குறி வைத்து, அந்த வாரம் விருந்தாளிகளையோ வேறு வேலையையோ வீட்டுக்குள் விடாதீர்கள். புதிதாக வந்த எலும்பு வலி, விடாத இருமல், தொடர்ந்த தலைவலி, தழும்பில் சிறு கட்டி எதுவானாலும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அறிக்கைக் கோப்பை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.