முதன்முதலாக ஜாம் காய்ச்சுகிறீர்களா?

நான் முதலில் காய்ச்சிய ஜாம் பாகு மாதிரி ஓடியது. அடுத்த தடவை பயத்தில் அடுப்பை அணைக்காமலே விட்டதில் மிட்டாய் போல இறுகிவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஜாம் எப்படி இறுகுகிறது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பழத்தின் செல் சுவர்களில் பெக்டின் என்று ஒன்று இருக்கிறது. சூட்டில் கரைந்து வெளியே வரும் அது, புளிப்பும் போதுமான சர்க்கரையும் கிடைத்தால் ஆறும்போது வலைபோலப் பின்னி, சாற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆப்பிள், கொய்யா, ஆரஞ்சுத் தோல் இவற்றில் பெக்டின் நிறைய உண்டு, ஸ்ட்ராபெரியிலும் பீச்சிலும் குறைவு. நன்றாகக் கனிந்த பழத்தில் இன்னும் குறைந்துவிடும் என்பதால், கால் பங்காவது சற்றுக் காயாக இருக்கட்டும்.

நசுக்கிய பழம் சதையோடு இருந்தால் ஜாம். சாற்றை மட்டும் வடித்துக் காய்ச்சினால் ஜெல்லி. வடிகட்டும் துணியைப் பிழியாமல் தானாகச் சொட்ட விட்டால்தான் கண்ணாடி மாதிரி தெளிவாக வரும். ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பழங்களைத் தோல் துண்டுகளோடு காய்ச்சுவது மார்மலேட். பிரிசர்வ் என்றால் பழம் முழுசாகவோ பெரிய துண்டாகவோ பாகில் கிடக்கும். ஃப்ரூட் பட்டரில் பெயரைத் தவிர வெண்ணெய் எதுவும் கிடையாது, மசித்த பழத்தை மெதுவாக வற்றவைப்பதுதான்.

சரி, ஸ்ட்ராபெரியில் ஆரம்பிப்போம். காம்பு நீக்கிய பழம் 1 கிலோ, சர்க்கரை 750 கிராம், எலுமிச்சைச் சாறு 3 மேசைக்கரண்டி. பழத்தை லேசாக நசுக்கிச் சர்க்கரையோடு கலந்து 2 மணி நேரம் வையுங்கள், சாறு விட்டுக்கொள்ளும். அதற்குள் கண்ணாடி பாட்டில்களை 10 நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்துவிடலாம், ஒரு சின்னத் தட்டை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

பாத்திரம் அகலமாக இருக்கட்டும், பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், ஏனென்றால் ஜாம் பொங்கும், மேலே தெறித்தால் பொல்லாத சூடு. எலுமிச்சைச் சாற்றை ஊற்றி, சர்க்கரை முழுக்கக் கரையும்வரை சிறு தீ, அப்புறம் பெருந்தீ. அடி பிடிக்காமல் கிளறுங்கள். பெரிய நுரை அடங்கி, குமிழிகள் சின்னதாகப் பளபளவென்று வரும்போது கவனம் வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 104–105 டிகிரி செல்சியஸ். மலைப்பகுதியில் தண்ணீரே குறைந்த சூட்டில் கொதிக்கும் என்பதால், அங்கே தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4–5 டிகிரி கூட என்று கணக்கு வையுங்கள்.

எனக்குத் தட்டுச் சோதனைதான் அதிக நம்பிக்கை. அடுப்பை அணைத்துவிட்டு (இதை மறக்காதீர்கள், நீங்கள் சோதிக்கும் நேரத்திலேயே ஜாம் முற்றிவிடும்) குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேற்பரப்பு சுருங்கினால் ஆயிற்று. ஓடினால் இன்னும் 2 நிமிடம் கொதிக்கவிட்டு மறுபடி பாருங்கள்.

சூட்டோடு பாட்டிலில் ஊற்றி மூடி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். முழுதாக இறுக ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குப் பிறகும் தண்ணியாக இருந்தால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்துத் திரும்பக் கொதிக்கவையுங்கள், ஆனால் முற்றிப் போனதை மீட்க முடியாது.