கதிர்வீச்சு என்றதும் நாம் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் இருக்கிற எங்கள் பெரியம்மாவுக்கு வயிற்றுவலி. டொக்டர் சிடி ஸ்கான் எழுதிக்கொடுத்தார். அந்தத் துண்டை நாலாக மடித்து சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, மூன்று கிழமையாக அவர் வாயே திறக்கவில்லை. கேட்டதற்கு போனை நீட்டினார்: "ஒரு சிடி ஸ்கான் 400 எக்ஸ்ரேக்குச் சமம்", யாரோ அனுப்பிய வட்ஸ்அப்.

அந்தக் கணக்கு பொய் இல்லை. ஆனால் 400 என்பதைப் பார்த்துப் பயந்தவர்கள், எக்ஸ்ரே ஒன்றில் எவ்வளவு என்று பார்க்கவில்லை. உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு மில்லிசீவர்ட். நெஞ்சு எக்ஸ்ரேயில் சுமார் 0.02 மில்லிசீவர்ட், வயிற்று சிடியில் 8 அளவில். மண், வானம், மூச்சுக்காற்று, சாப்பாடு எல்லாம் சேர்ந்து, சும்மா இருந்தாலே நமக்கு வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது, இது உலக சராசரி. அப்படியென்றால் அந்த ஸ்கான் மூன்று வருடத்துக்குச் சற்று மேல். காரணமில்லாமல் எடுக்க வேண்டாம், அல்ட்ராசவுண்ட் போதுமா, பழைய ஸ்கானைக் காட்டலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், ஆனால் தேவை என்று அவர் சொன்ன பிறகு தள்ளிப்போடாதீர்கள். பெரியம்மாவுக்கு இருந்தது சிறுநீரகக் கல், மூன்று கிழமை வீணாக வலி தின்றார்.

இன்னொன்று, மைக்ரோசீவர்ட்டையும் மில்லிசீவர்ட்டையும் குழப்புவது. இடையில் ஆயிரம் மடங்கு! மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று சொல்வதையும் வருடம் முழுக்கச் சேர்ந்த அளவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்களும் உண்டு.

"இயற்கை என்றால் ஒன்றும் செய்யாது" என்பதும் பிழைதான். அந்த 2.4 இல் பாதியளவு ரேடான் என்ற வாயு. மண்ணில் இருக்கும் யுரேனியம் சிதைந்து சிதைந்து உண்டாவது, மணமோ நிறமோ கிடையாது, புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கிய காரணங்களில் ஒன்று. ஏழாம் மாடிக்காரருக்குக் கவலை குறைவு. கீழ்த்தளத்தில் நாள் முழுக்க ஏசி போட்டு மூடிக்கிடக்கும் அறை என்றால் யன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். நம் மண்ணும் லேசுப்பட்டதல்ல. பேருவளைக் கடற்கரை மணலில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் கலந்த மொனசைட் கனிமம் இருக்கிறது, கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1904 இல் கண்டெடுத்த தோரியனைட்டும் இந்தத் தீவின் கனிமம்தான்.

சரி, மறுபக்கத்தாரும் பிழை விடுகிறார்கள். "வாழைப்பழத்திலும்தான் கதிர்வீச்சு இருக்கிறது, அணு உலைக்கு ஏன் பயம்?" என்று வாயை அடைப்பார்கள். வாழைப்பழத்தில் கதிர்வீச்சு வருவது பொட்டாசியத்திலிருந்து. தேவைக்கு மேல் போனால் உடம்பு வெளியே தள்ளிவிடும். அணு உலை விபத்தில் வரும் அயடின்-131 என்ற கதிரியக்க அயடின் அப்படியல்ல, தைரோயிட் சுரப்பியில் போய்ச் சேரும். 1986 இல் உக்ரேனின் செர்னோபில் அணு உலை வெடித்தபோது கடும் கதிர்வீச்சால் அந்த வருடமே 28 பேர் இறந்தார்கள். அப்புறம் அந்தப் பகுதிப் பிள்ளைகள் குடித்த பாலில் அந்த அயடின்-131 கலந்திருந்ததால் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தைரோயிட் புற்றுநோய் வந்தது. பாலைக் குடிக்காதீர்கள் என்று உடனே சொல்லியிருந்தால் நிறையத் தவிர்த்திருக்கலாம், அதை நினைக்கத்தான் எனக்கு ஆறாது.

2011 இல் ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்தில் கதை வேறு. அங்கே கதிர்வீச்சைவிட அவசர இடப்பெயர்வுதான் கூடுதல் உயிர்களை எடுத்தது, ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் கிடந்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றி அலைக்கழித்ததில். அதனால் தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றிப் பேசும்போது "வெடித்தால் கொழும்பே போச்சு" என்று பரப்புவதைவிட, யார் எச்சரிப்பார்கள், எப்படி எச்சரிப்பார்கள் என்று கேட்பது பயனுள்ளது. கொழும்பிலிருந்து நேர்கோட்டில் அது சுமார் 270 கிலோமீட்டர். ஒழுங்காக ஓடுகிற உலைக்குப் பக்கத்திலேயே வசிப்பவருக்குக்கூட அதிலிருந்து கிடைப்பது இயற்கை அளவில் மிகச் சிறு பங்குதான். நுரைச்சோலை மின் நிலையத்தின் நிலக்கரிப் புகையைப் பற்றியும் அதே அக்கறையோடு பேச வேண்டும், அதை அங்குள்ளவர்கள் அன்றாடம் சுவாசிக்கிறார்கள்.

கடைசியாக, உப்பு. புகுஷிமா செய்தி வந்ததும் சீனாவில் அது கதிர்வீச்சிலிருந்து காக்கும் என்று நம்பி அயடின் உப்பை மூட்டையாக வாங்கினார்கள். அணு விபத்தின்போது அயடின்-131 தைரோயிடில் சேராமல் தடுக்கக் கொடுக்கும் அயடின் மாத்திரை, பெரியவர்களுக்கானது ஒன்றில் உள்ள அளவு கிடைக்க மூன்று கிலோவாவது உப்பு தின்ன வேண்டும், அதற்குள் உப்பே ஆளைக் கொன்றுவிடும். மாத்திரையையும் சுகாதாரத் துறை சொன்ன பிறகுதான் போட வேண்டும். அது தைரோயிடை மட்டுமே காக்கும், விபத்தில் வெளிவரும் சீசியம் போன்ற மற்றக் கதிரியக்கப் பொருள்களுக்கு உதவாது. காயத்துக்குப் பூசும் அயடின் மருந்தைக் குடிக்கவே கூடாது.